ஒரு கால் மட்டும் பருத்தால் இடுப்பையும் பாருங்கள்

நரம்பு, தசை தொடர்பான வாசகர் கேள்விகளுக்குக் கும்பகோணத்தில் நோயாளிகளைப் பார்த்துவரும் நரம்பியல் மருத்துவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி):

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 44 வயது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சம்பா அறுப்பு நேரத்தில், சிப்பத்தை லாரியில் ஏற்றும்போது இடுப்பில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. பிட்டத்திலிருந்து இடது குதிகால் வரைக்கும் வலி இழுத்தது. ஊசி, மாத்திரை, பத்து நாள் ஓய்வு. வலி குறைந்ததும் வேலைக்குப் போய்விட்டார். இப்போது ஒரு வருஷமாக இடது ஆடுசதை மட்டும் பருத்துக்கொண்டே வருகிறது. தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. ராத்திரியில் குரக்களி பிடிக்கிறது. தூங்கும்போது சதைக்குள் புழு நெளிவது போலத் துடிப்பதை நானே பார்த்தேன். ஊரில் யானைக்கால் என்கிறார்கள். அவரோ, "மூட்டை தூக்குற கால், பருக்கத்தானே செய்யும்" என்கிறார். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். பயமாக இருக்கிறது.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இடுப்பில் பிடித்துக் குதிகால் வரை வலி இறங்கியது ஒன்று. தூக்கத்தில் சதை நெளிவதை நீங்கள் பார்த்தது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கோளாறு காலில் தொடங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. முதுகுத்தண்டிலிருந்து நரம்பு வெளியே வருகிற இடத்தில், அதாவது நரம்பு வேரில் தொடங்கியிருக்கலாம். கடிதத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். அவரை நேரில் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒரு வார்த்தையைச் சரி செய்துகொள்வோம். நம் பேச்சில் 'நரம்பு' என்று மூன்று பொருளைச் சொல்கிறோம். காலில் நீலமாகப் புடைத்துத் தெரிவது ரத்தக்குழாய். குதிகாலுக்கு மேலே கயிறு போல இருப்பது தசைநார். உண்மையான நரம்பு வெளியே தெரியாது. மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தசைக்கும், தோலின் உணர்வை மூளைக்கும் கொண்டு போவது அதுதான். நான் இங்கே நரம்பு என்று சொல்வது இதை மட்டும்.

ஸ்கேன் அறிக்கைகளில் 'எல்5-எஸ்1' என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இடுப்பு எலும்புகளில் கடைசியானதற்கும், அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வு அது. பாரம் தூக்குகிறவர்களுக்கு அடிக்கடி பிதுங்குகிற ஜவ்வுகளில் அதுவும் ஒன்று. பிதுங்கினால் பெரும்பாலும் நசுங்குவது எஸ்1 என்கிற நரம்பு வேர். அந்த வேர் போய்ச் சேருகிற முக்கியமான இடம் ஆடுசதை. பாதத்தின் வெளி ஓரத்துக்கும் சுண்டுவிரலுக்கும் உணர்வு கொடுப்பதும் அதுதான். கொள்முதல் நிலையச் சிப்பம் ஒன்று 40 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை சிப்பம் முதுகில் ஏறி இறங்குகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

சரி, நரம்பு கெட்டால் சதை சூம்பத்தானே வேண்டும், எப்படிப் பருக்கும்? நியாயமான கேள்வி. சூம்புவதுதான் வழக்கம், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். அபூர்வமாகச் சிலருக்குத்தான் சதை பருக்கிறது. அதிலும் பெரும்பாலும் எஸ்1 வேர் அடிபட்டவர்களுக்கு, ஆடுசதையில். ஜவ்வு பிதுங்கி மாதங்கள், ஏன், வருஷங்கள் கழித்துக்கூட இது தலைகாட்டும். அதனால்தான் பழைய இடுப்பு வலியையும் இன்றைய கால் பருமனையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரே காரணம் கிடையாது. வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையை இறக்கி அடைத்துவிட்டால் வயல் காய்ந்துபோகும். சதை சூம்புவது அப்படி. ஆனால் பலகை பாதி உடைந்து தொங்கினால், யாரும் திறக்காமலே ராப்பகலாகத் தண்ணீர் கசியும். பாதி கெட்ட நரம்பும் அதுபோல, மூளை கேட்காமலே தசைக்குத் தூண்டலை அனுப்பிக்கொண்டிருக்கும். தூங்கும்போதுகூட அந்த இழைகள் சுருங்கி விரிகின்றன. நீங்கள் பார்த்த புழு நெளிவு இதுவாக இருக்கலாம். ஓயாமல் வேலை செய்கிற இழை பருக்கத்தானே செய்யும்?

இன்னொரு காரணமும் சேரும். மூட்டை தூக்க எட்டுப் பேர் வரவேண்டிய இடத்துக்கு நாலு பேர் வந்தால், அந்த நாலு பேர் தலையில்தானே எல்லாம் விழும்? நரம்பு தப்பிப் பிழைத்த இழைகள் செத்துப்போன இழைகளின் வேலையையும் சேர்த்துச் செய்து தடிக்கின்றன. நரம்பு இழந்த இழைகள், ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு இழுபட்டுத் தடிப்பதும் உண்டு.

சிலருக்கு அது சதையே இல்லை. பயிர் போன வயலில் கோரை மண்டுகிற மாதிரி, தசை போன இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உருண்டு திரண்ட கால். உள்ளே பலம் இருக்காது. வேறு சிலருக்குத் தசைக்குள் அழற்சி சேர்ந்துகொள்ளும். இந்தக் கடைசி வகையைக் கண்டுபிடிப்பது முக்கியம், ஏனென்றால் அதற்கு ஸ்டீராய்டு மருந்து கேட்கும்.

உங்கள் கணவர் சொல்கிறாரே, மூட்டை தூக்குகிற கால் பருக்கும் என்று. பருக்கும், ஆனால் இரண்டு காலும் பருக்க வேண்டும். அவர் ஒற்றைக் காலில் மூட்டை தூக்கவில்லையே.

வீட்டிலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். தையல் டேப் ஒன்றை எடுத்து, முழங்கால் சிப்பிக்குக் கீழே ஒரே தூரத்தில் இரண்டு காலிலும் பேனாவால் குறி வைத்துச் சுற்றளவு எடுங்கள். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் பலருக்கு இயல்பாகவே இருக்கும். அதற்கு மேல் இருந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள். அப்புறம் அவரைச் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் பத்துத் தடவை எழும்பச் சொல்லுங்கள். முதலில் வலது, பிறகு இடது. ஆடுசதை நம் உடம்பின் பலமான தசைகளில் ஒன்று. மருத்துவர் கையால் அமுக்கிப் பார்த்தால் அதன் பலவீனம் தெரியாது. முழு உடம்பையும் தூக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். பருத்த கால் நாலாவது தடவையிலேயே தடுமாறினால், பருமன் பலத்தால் வந்ததில்லை என்று அவருக்கே புரியும்.

யானைக்கால் பேச்சுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக அந்த நோயைப் பார்த்திருக்கிறோம். கிருமி ரத்தத்தில் இரவில்தான் நடமாடும் என்பதால், சுகாதாரத் துறையினர் நடு ராத்திரியில் விரலில் குத்தி ரத்தம் எடுத்ததைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவால் பரவுவது அது. தொட்டால் ஒட்டாது, பரம்பரையாகவும் வராது.

அந்த வீக்கத்துக்குத் தனி முகம் உண்டு. தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர் காய்ச்சல் விட்டு விட்டு வரும். பாதமும் கணுக்காலும் முதலில் உப்பும். தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். நாளாக ஆகத் தோல் தடித்துவிடும், கால் விரலின் மேல்தோலைக் கிள்ளித் தூக்க முடியாது. நரம்பு வேரால் வரும் பருமனில் பாதம் ஒல்லியாக அப்படியே இருக்கும், தோலும் பழைய தோல்தான், அழுத்தினால் குழி விழாது. செருப்பு எப்போதும் போலப் பொருந்தும், கைலியைத் தூக்கினால்தான் வித்தியாசம் தெரியும்.

இதை இவ்வளவு விரிவாக எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நரம்பியல் படிக்கப் போவதற்கு முன்னால், பொது மருத்துவராக இருந்த காலத்தில், நடவு வேலை செய்யும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். சேற்றில் குனிந்தே வேலை செய்கிறவர். வலது ஆடுசதை மட்டும் பருத்திருந்தது. நான் காலை மட்டும் பார்த்தேன். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபைலேரியா, அதாவது யானைக்கால் என்று சீட்டில் எழுதி, அதற்கான டிஇசி மாத்திரையை 12 நாளுக்குக் கொடுத்தேன். குறையவில்லை என்று வந்தார். இன்னொரு 12 நாள் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு மூத்த நரம்பியல் மருத்துவர் அவரை முன்பாதத்தில் எழும்பி நிற்கச் சொன்னார். வலது குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. எட்டு வருஷத்துக்கு முந்தைய இடுப்பு வலியும் அப்போதுதான் வெளியே வந்தது. அதற்குள் நான் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வார்த்தை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அவருடைய பெண்ணைப் பார்க்க வந்த இரண்டு வீட்டார், அம்மாவுக்கு யானைக்கால் என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய்த் தவறைச் சொன்னேன். அவர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அந்த டம்ளரைக் கையில் வாங்கியது இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் மகளின் வரன் பற்றி எழுதியிருந்த வரியைப் படித்ததும் அந்த அம்மாவின் முகம்தான் முன்னால் வந்தது.

அதனால் அவரை நரம்பியல் பிரிவு இருக்கிற மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டுகிற தூரம்தான். குதிகால் தசைநாரில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். எஸ்1 வேர் கெட்டிருந்தால் பாதம் துள்ளாது. இடுப்புக்கு எம்ஆர்ஐ தேவைப்படும். காலுக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அதை விட்டுவிடாதீர்கள். பருத்திருப்பது நல்ல தசையா, கொழுப்பா, அழற்சியா என்று அதில்தான் தெரியும். தசைக்குள் கட்டி எதுவும் இல்லை என்பதையும் அதில்தான் உறுதி செய்ய முடியும். ஒரே இடத்தில் கெட்டியாகத் திரண்டு வேகமாக வளர்கிற எதையும் 'நரம்புதான்' என்று விடக்கூடாது. சந்தேகம் இருந்தால் சதையில் துளி எடுத்துச் சோதிப்பார்கள். ரத்தத்தில் சிபிகே என்ற தசை நொதியையும் பார்ப்பார்கள். இந்த நோயில் அது கொஞ்சம் கூடியிருக்கலாம். மிக அதிகமாக இருந்தால் வேறு தசை நோயைத் தேட வேண்டும்.

ஈஎம்ஜி என்று ஒரு சோதனை இருக்கிறது. மெல்லிய ஊசியைத் தசைக்குள் வைத்து, உள்ளே ஓடும் மின்சாரத்தை ஒலிபெருக்கியில் கேட்பது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஓய்வில் இருக்கும் நல்ல தசை சத்தமே போடாது. நரம்பு இழந்த தசையில் தகரக் கொட்டகை மேல் தூறல் விழுகிற மாதிரி சடசடக்கும். பருத்த ஆடுசதைகளில் சில நேரம் இன்னொரு சத்தம் கேட்கும்: டீசல் பம்புசெட் ஓடுவது போல ஒரே சீராகத் தடதடத்து, திடீரென்று நின்றுபோகும். ஆள் அசையாமல் படுத்திருப்பார், தசை மட்டும் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருக்கும். அதைக் காதால் கேட்ட நோயாளிகள், கால் ஏன் பருத்தது என்று என்னிடம் திரும்பக் கேட்டதில்லை.

மருத்துவம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கால் பழைய அளவுக்குத் திரும்பும் என்று உறுதி தர முடியாது. ஜவ்வை அறுவை செய்து எடுத்த பிறகும் பருமன் அப்படியே இருக்கலாம். ஆனால் வலி, குரக்களி, பலவீனம் இவற்றைக் குறைக்க வழி உண்டு. தன்னிச்சைத் துடிப்பு தொல்லை கொடுத்தால் கார்பமசிபின் போன்ற மாத்திரை உதவலாம். சிலருக்கு போட்டுலினம் ஊசி போட்டுச் சதையைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் அது காலின் பலத்தையும் குறைக்கும் என்பதால், உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு யோசித்துத்தான் செய்ய வேண்டும். ஜவ்வு பிதுக்கத்தில் பெரும்பாலானவை அறுவை இல்லாமலே சில வாரங்களில் அடங்கும். பலவீனம் கூடிக்கொண்டே போனால், வலி மாதக் கணக்கில் விடாமல் வாட்டினால், அப்போது அறுவை பற்றிப் பேசலாம். இயன்முறைப் பயிற்சி கட்டாயம். தஞ்சாவூருக்கு அலைய முடியாவிட்டால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பதற்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப் போடக் கூடாதது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுதும் மரத்துப்போனாலோ, அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூட்டை வேலையை உடனே நிறுத்தச் சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்குச் சுலபமில்லை. சோதனைகள் முடியும் வரைக்குமாவது தூக்கி ஏற்றுகிற வேலையை விட்டு, சாக்குத் தைக்கிற வேலையிலோ எடை போடுகிற இடத்திலோ இருக்க முடியுமா என்று உடன் வேலை செய்பவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அதே இடுப்பு வலி இருக்கும், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி (பாபநாசம் வாசகர்): கால் வீங்கினால் எண்ணெய் தேய்த்து உருவி விடுவது எங்கள் வீட்டு வழக்கம். தொடரலாமா?

பதில்:

இரண்டு காலும் அசதியாக இருக்கும்போது உருவிவிடுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு கால் மட்டும், ஓரிரு நாளில், திடீரென்று வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் கை வைக்காதீர்கள். ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். உருவும்போது அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அறுவை செய்துகொண்டு படுத்திருந்தவர்கள், பிள்ளை பெற்ற பெண்கள், நீண்ட தூரம் பயணம் செய்து வந்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். மன்னார்குடி வாசகிக்கு நான் எழுதியது மாதக் கணக்கில் மெல்ல ஏறும் பருமன். அது வேறு, இது வேறு.

கேள்வி (சீர்காழி பக்கத்திலிருந்து ஒரு தாய்): என் மகனுக்கு ஐந்து வயது. இரண்டு ஆடுசதையும் பெரியவர்களுக்கு இருப்பது போல உருண்டு இருக்கிறது. "பயில்வான்" என்று கொஞ்சுவோம். ஆனால் அடிக்கடி விழுகிறான், மாடிப்படி ஏற முடியவில்லை. காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தபோது ஈரல் நொதி அதிகம் என்று டானிக் கொடுத்தார்கள். மாமன் மகனைக் கட்டியதால் பிள்ளைக்கு இப்படி என்று உறவில் பேசுகிறார்கள்.

பதில்:

அம்மா, இது முதுகு நரம்பு வேர் சம்பந்தப்பட்டதாக எனக்குப் படவில்லை. அது பெரும்பாலும் ஒரு காலில் வரும், பெரியவர்களுக்கு வரும். சின்னப் பையனுக்கு இரண்டு ஆடுசதையும் பருத்து, ஓட்டமும் ஏற்றமும் குறைந்தால் டுஷேன் என்கிற தசைச் சிதைவு நோயை முதலில் பார்த்தாக வேண்டும். அவனைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். முதலில் குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு தன் முழங்காலையும் தொடையையும் பிடித்துப் பிடித்துத் தன் மேலேயே ஏறுகிற மாதிரி எழுந்தால், தாமதிக்காதீர்கள்.

ஈரல் என்று சொன்னார்களே, ஏஎல்டி, ஏஎஸ்டி என்கிற அந்த நொதிகள் தசையிலும் உண்டு. தசை சிதையும்போதும் அவை ஏறும். சிபிகே பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். டுஷேனில் அது இயல்பைவிடப் பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்குகூட இருக்கும். பிறகு மரபணுச் சோதனை. முழுதாகக் குணப்படுத்த முடியாது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் தகுந்த வயதில் ஸ்டீராய்டு மருந்தும் பயிற்சியும் தொடங்கினால், பிள்ளை நடக்கிற காலத்தைக் கணிசமாக நீட்டிக்க முடியும். இதயத்தையும் மூச்சையும் வருஷம் தவறாமல் பார்த்து வர வேண்டும்.

சொந்தத்தில் கட்டியதற்கும் டுஷேனுக்கும் சம்பந்தமில்லை. அது தாய்வழி வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள குறை; மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத் தாயிடம் அந்தக் குறை இல்லாமலே புதிதாக ஏற்படுகிறது. முன்பின் தெரியாதவரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். உறவில் யாராவது பேசினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள், உங்கள் மேல் பழி போட இல்லை, அடுத்த குழந்தைக்கோ உங்கள் தங்கைக்கோ தெரிய வேண்டியிருக்கும் என்பதற்காக.

போகும்போது அந்தப் பழைய ரத்த அறிக்கையையும், அவன் எத்தனை மாதத்தில் நடக்கத் தொடங்கினான் என்று எழுதிய ஒரு தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அவன் எழுவதை உங்கள் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் பயந்துபோய் அவன் எழ மறுத்தாலும், அந்த அரை நிமிஷ வீடியோவைக் காட்டிவிடலாம்.